கதவைத் திறக்காதவர்கள் ஒரு பிரச்சினையே இல்லையாம்

மார்மன் மிஷனரி, அதாவது அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபைக்காக மதம் பரப்பப் போகிறவர், என்று சொன்னதும் எல்லோருக்கும் ஒரே படம்தான் வரும். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை, சைக்கிள், பல் தெரியச் சிரிக்கும் இரண்டு அமெரிக்கப் பையன்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இவர்களை யெகோவா சாட்சிகளோடு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு வேறு சபை, வீடு வீடாகப் போய் மணி அடிப்பதைத் தவிர பெரிய ஒற்றுமை கிடையாது. நான் ஜப்பானில், ஃபுகுவோகாவில் வேலை பார்க்கிறேன். இங்கே எனக்குப் பழக்கமான மிஷனரிகள் பையன்கள் இல்லை, இரண்டு பெண்கள். நீளப் பாவாடை, ஹெல்மெட், முதுகில் பை, மழையோ வெயிலோ சைக்கிள். ஒருத்தி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்காரி, இருபது வயது. இன்னொருத்தி ஜப்பானியப் பெண், ஹொக்கைடோவிலிருந்து வந்தவள், இவளைவிட ஒரு வயது பெரியவள்.

நான் அந்தச் சபையில் சேரவில்லை, சேரும் எண்ணமும் இல்லை. அதை அவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாரமும் ஒரு முறை கேட்டார்கள், அது அவர்கள் வேலை. பழக்கம் வந்தது பக்கத்து வீட்டுப் பாட்டி வழியாக. பாட்டி அந்தச் சபையின் இலவச ஆங்கில வகுப்புக்குப் பல வருடமாகப் போகிறார். ஆங்கிலம் ஒன்றும் பெரிதாக முன்னேறவில்லை, மதமும் மாறவில்லை, ஆனால் வாரம் ஒரு நாள் தவறமாட்டார். சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை விஷயம். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது, இப்போது தலைமையகம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி. மார்மன் என்று கூப்பிடாதீர்கள் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார், ஆனால் அந்த முழுப்பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுதினால் நீங்கள் பாதியில் ஓடிவிடுவீர்கள், அதனால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன். மதம் பரப்பப் போவதை மிஷன் என்கிறார்கள், பையன்கள் இரண்டு வருடம் போகிறார்கள், பெண்கள் ஒன்றரை வருடம். பையன்களுக்கு இது கடமை, பெண்களுக்கு விருப்பம் இருந்தால் போகலாம். 2012 அக்டோபரில் பையன்களின் குறைந்தபட்ச வயதை 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுடையதை 21-லிருந்து 19 ஆகவும் குறைத்தார்கள், அதற்கப்புறம் பெண்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். 21 வயதில் ஒரு பெண் கல்லூரிப் படிப்பின் கடைசியில் இருப்பாள், இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வந்திருக்கும். 19 வயதில் இரண்டும் குறுக்கே வராது. இப்போது உலகம் முழுக்க எழுபதாயிரம் பேருக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

சம்பளம் கிடையாது, இவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் மாதம் 500 டாலர், 2020 ஜூலைக்கு முன்னால் 400. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தொகை, எல்லாவற்றையும் ஒரு பொதுக் கணக்கில் போட்டு, டோக்கியோ மாதிரி செலவாகும் ஊருக்கும் செலவு குறைந்த ஊருக்கும் அங்கிருந்து பிரித்துக் கொடுக்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. வசதியான வீட்டுப் பையன் ஐரோப்பாவுக்கும் இல்லாத வீட்டுப் பையன் பக்கத்து மாநிலத்துக்கும் என்று பிரிந்துபோக வழியில்லை. ஐடஹோ பெண் பள்ளியில் படிக்கும்போதே உருளைக்கிழங்குப் பண்ணையில் அறுவடைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் பாதியும், அப்பா அம்மா கொடுத்ததில் பாதியுமாக வந்திருக்கிறாள்.

எங்கே போக வேண்டும் என்று கேட்க முடியாது. விண்ணப்பம் போட வேண்டும், டாக்டர், பல் டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும், உள்ளூர் சபைத் தலைவர்கள் சிபாரிசு செய்ய வேண்டும். அப்புறம் சால்ட் லேக் சிட்டியில் இருக்கும், அப்போஸ்தலர்கள் என்று அழைக்கப்படும் சபையின் உயர் தலைவர்களில் ஒருவர் இவர்களுடைய புகைப்படத்தையும் விவரத்தையும் திரையில் பார்த்து முடிவெடுப்பார். முன்பெல்லாம் பெரிய வெள்ளைக் கவரில் கடிதம் வருமாம், 2018 கடைசியிலிருந்து மின்னஞ்சல்தான். சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரையும் கூட்டி வைத்து, சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, ஆளுக்கொரு ஊரைக் குறித்து வைத்து, நடுவில் உட்கார்ந்து ஐடஹோ பெண் சத்தமாக வாசிக்க வேண்டும். நாலு வருடம் ஸ்பானிஷ் படித்தவள், பெரு அல்லது மெக்சிகோ என்று நினைத்துக்கொண்டிருந்தவள், ஜப்பான் ஃபுகுவோகா என்று வாசித்தபோது கூட்டத்தில் ஒருத்தர் கூட அதைக் குறித்திருக்கவில்லையாம். அப்பா உடனே அது தீவா என்று போனில் தேடினாராம்.

யூட்டாவில் ப்ரோவோ என்ற ஊரில் பெரிய பயிற்சி மையம். சொந்த மொழியிலேயே வேலை செய்யப் போகிறவர்களுக்குப் பயிற்சி சீக்கிரம் முடிந்துவிடும், ஜப்பானிய மொழிக்கு ஒன்பது வாரம். ஒன்பது வாரத்தில் ஜப்பானிய மொழி வருமா என்றால் வராது, ஆனால் பேசப் பயம் போய்விடும், அதுதான் அவர்களுக்குத் தேவை. போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே மதத்தைப் பற்றி விசாரிக்க வந்தவர் போல நடிக்கும் ஒருவர் முன்னால் உட்கார வைத்து ஜப்பானிய மொழியில் பேசு என்று விட்டுவிடுகிறார்கள். இதனால் ஒரு வேடிக்கையான விளைவு. மீட்பு, மனந்திரும்புதல், உயிர்த்தெழுதல் எல்லாம் இவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சைக்கிள் டியூபில் பஞ்சர் என்று கடைக்காரரிடம் சொல்லத் தெரியாமல் கையால் காற்று போவதைப் போல நடித்துக் காட்டினாள். நான் இங்கே வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, பஞ்சர் சொல்லத் தெரியும், உயிர்த்தெழுதல் சொல்லத் தெரியாது. யார் மொழி கற்றவர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானில் சைக்கிளில் போகும் பெரியவர்கள் ஹெல்மெட் போடுவது வழக்கமே இல்லை. 2023 ஏப்ரலில்தான் எல்லோரும் போட முயற்சி செய்யுங்கள் என்று சட்டத்தில் வந்தது, அபராதம் கிடையாது, அதனால் இன்னமும் பெரும்பாலோர் போடுவதில்லை. மிஷனரிகள் அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே சபை விதிப்படி போடுகிறார்கள். தூரத்தில் ஹெல்மெட்டோடு இரண்டு சைக்கிள் ஜோடியாக வந்தால் யார் என்று தெருவே முடிவு செய்துவிடும், சில வீட்டு ஜன்னல் திரை அசையும்.

தினமும் காலை ஆறரைக்கு எழுந்து அரை மணி உடற்பயிற்சி, காலைச் சாப்பாடு, தனியாக வேதப் படிப்பு, கூட்டாளியோடு சேர்ந்து படிப்பு, மொழிப் படிப்பு, அப்புறம் வெளியே கிளம்பி இரவு ஒன்பது வாக்கில் திரும்பி, பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017-க்குப் பிறகு அந்தந்த ஊருக்குத் தகுந்தபடி நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று இளக்கியிருக்கிறார்கள். டிவி இல்லை, சினிமா இல்லை, காதல் இல்லை, நீச்சல் இல்லை. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டோடு பேச. அந்த வீட்டோடு பேசுவதும் 2019 பிப்ரவரிக்குப் பிறகுதான் வாரம் ஒரு தடவை. அதற்கு முன்னால் வருடத்துக்கு இரண்டே தடவை, கிறிஸ்துமஸ் அன்றைக்கும் அன்னையர் தினத்தன்றும், மற்ற நேரம் கடிதமோ மின்னஞ்சலோ மட்டும். இவளுடைய அண்ணன் பழைய விதியில் பிரேசில் போய் வந்தவன். "உங்களுக்கெல்லாம் இப்போ ரொம்ப சுலபம்" என்று வாரா வாரம் சொல்கிறானாம். எல்லா ஊரிலும் அண்ணன்கள் ஒரே மாதிரிதான்.

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானில் வீடு வீடாகப் போய் மதம் பேசுவது போல வெட்டி வேலை வேறு இருக்க முடியாது என்று நினைத்தேன். புதிய அடுக்குமாடிகளில் கீழ் வாசலே பூட்டுத்தான், கேமரா வைத்த இன்டர்காமில் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதிலே பேசமாட்டார்கள். இதற்கு மேல் மதம் என்ற பேச்சுக்கே இங்கே ஒரு ஒவ்வாமை உண்டு. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயுவை விட்டதிலிருந்து வீடு தேடி வரும் புது மதம் என்றாலே ஜனங்களுக்கு உதறல். அது கொஞ்சம் ஆறி வரும்போது 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவனின் அம்மா தென்கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சபைக்குப் பணத்தையெல்லாம் கொட்டிக் குடும்பம் நொடித்துப்போன கதை வெளியே வந்ததும் மறுபடி எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. மார்மன்களுக்கும் அவர்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் இன்டர்காமில் பார்க்கிறவருக்கு அந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? அதனால் இப்போது கதவைத் தட்டுவது குறைந்து, ரயில் நிலைய வாசலில் பேச்சுக் கொடுப்பது, இன்ஸ்டாகிராம், ஆங்கில வகுப்பு, வயதானவர்களுக்குத் தோட்டத்தில் களை பிடுங்கிக் கொடுப்பது என்று வேலை மாறியிருக்கிறது. பாட்டி வீட்டுத் தோட்டத்தை இப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். பையன் மிஷனரிகள் வரமுடியாது. பாட்டி தனியாக இருப்பவர், வீட்டில் வேறு ஆண் இல்லையென்றால் அவர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி.

முதல் நாள் பாட்டி வழக்கம் போல கிரீன் டீ போட்டு வைத்தார். இவர்கள் காபி, டீ, மது, புகையிலை எதையும் தொடக்கூடாது. பச்சையாக இருந்தால் என்ன கறுப்பாக இருந்தால் என்ன, தேயிலை தேயிலைதான் என்று 2019-ல் சபைப் பத்திரிகையிலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். ஜப்பானில் வீட்டுக்கு வந்தவர் டீயைத் தொடாமல் போவது எவ்வளவு சங்கடம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஹொக்கைடோ பெண் தலையைக் குனிந்துகொண்டு நெளிந்தாள், ஐடஹோக்காரி படபடவென்று முழுக் காரணத்தையும் விளக்க ஆரம்பித்தாள், பாட்டி எழுந்து போய் வறுத்த பார்லி ஊறிய தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல இலை இல்ல, குடிங்க" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. அதிலிருந்து பாட்டி வீட்டு ஃப்ரிட்ஜில் எப்போதும் ஒரு ஜாடி பார்லித் தண்ணீர் இருக்கும்.

ஒரு நாள் ஐடஹோக்காரியிடம் கேட்டேன், நாள் முழுக்க இத்தனை பேர் முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்கிறார்களே, எப்படித் தாங்குகிறாய் என்று. அவள் சிரித்துவிட்டாள். கதவைத் திறக்காதவர்கள் ஒரு பிரச்சினையே இல்லை, முதல் மாதத்தோடு அது பழகிவிடும், யாரும் உன்னைத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லவில்லை, அட்டையைப் பார்த்துத்தானே சொல்கிறார்கள் என்றாள். பிரச்சினை அதோ என்று கண்ணால் காட்டினாள். தோட்டத்தின் அந்தப் பக்கம் அவளுடைய கூட்டாளி குந்தி உட்கார்ந்து, வேரோடு ஒரு புல் விடாமல், வரிசை பிடித்துக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

கம்பேனியன் என்கிறார்கள். குளியலறை, கழிப்பறை தவிர மற்ற எல்லா நேரமும் ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். தூங்குவதும் ஒரே அறையில். யாரோடு யார் என்பதை முடிவு செய்பவர் அந்த வட்டாரத்து மிஷன் தலைவர். அவரும் ஊரில் தொழிலையோ வேலையையோ விட்டுவிட்டு மனைவியோடு மூன்று வருடத்துக்கு வந்திருப்பவர்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் அறிவிப்பு வரும், சிலர் ஊர் மாறுவார்கள், சிலருக்குக் கூட்டாளி மட்டும் மாறும், சிலர் அப்படியே இன்னொரு ஆறு வாரம். பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஜாதகத்தை மறுபடி பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகமுடியாது. ஒருவரையொருவர் முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது, சிஸ்டர் போட்டு குடும்பப் பெயர்தான். ஒரே அறையில் மாதக்கணக்கில் தூங்கி எழுந்த பெண்ணை மிஷன் முடியும்வரை சிஸ்டர் என்றே கூப்பிடுவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்தக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது, மொழி. ஹொக்கைடோ பெண்ணுக்கு வேகமான ஆங்கிலம் பிடிபடாது. ஐடஹோக்காரிக்கு வேகமான ஜப்பானிய மொழி, அதிலும் பாட்டியோடு பேசும் ஜப்பானிய மொழி, பிடிபடாது. ஆகவே ஒருத்தி என்னிடம் ஆங்கிலத்தில் புலம்புவாள், இன்னொருத்தி பாட்டியிடம் ஜப்பானிய மொழியில் புலம்புவாள், இரண்டு பேரும் மூன்றடி இடைவெளியில் சிரித்த முகத்தோடு களை பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டும் புரிந்து தொலைத்த ஒரே ஆள் நான்.

புலம்பல்கள் எல்லாம் சின்னச் சின்ன விஷயம், அதனால்தான் பெரிசு. ஹொக்கைடோக்காரி ஆறரைக்கு எழ வேண்டிய இடத்தில் ஆறுக்கே எழுந்து சத்தமில்லாமல் படுக்கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாளாம், ஐடஹோக்காரிக்கு அதுவே குற்றம் சொல்வது போல் இருக்கிறதாம். கோபம் வந்தால் சொல்லமாட்டாள், பாத்திரத்தை இன்னும் பளபளப்பாகக் கழுவுவாளாம். அந்தப் பக்கம் கேட்டால், இவள் ஈரத் துண்டைக் கண்ட இடத்தில் போடுகிறாள், தெருவில் சத்தமாகப் பாடிக்கொண்டு சைக்கிள் விடுகிறாள், முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பில் உங்களுக்கு வாழ்க்கையில் என்ன கவலை என்று கேட்கிறாள், கேட்ட ஜப்பானியர் நெளிகிறார், இவளுக்கு அது தெரியவில்லை, எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருக்கிறது என்று.

இதைச் சபையும் அறியாமல் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, திட்டமிடும் கூட்டம் முடியும்போது, கூட்டாளிகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன நன்றாகப் போகிறது, என்ன உறுத்துகிறது என்று மனம்விட்டுப் பேச வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு என்பது என் எண்ணம். ஐடஹோக்காரி பட்டியலோடு வருவாள். ஹொக்கைடோக்காரி ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வந்து பாட்டியிடம் கொட்டுவாள். பாட்டி உம், உம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தோட்டத்தில் களை முளைக்கும் வேகத்தைவிட இவர்கள் வரும் வேகம் அதிகமாகிவிட்டது.

வெளிநாட்டில் தனியாக இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும், வந்த புதிதில் வாரக் கடைசி முழுக்க யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறேன். இவர்களுடையது வேறு வகை. ஒரு நிமிடம் தனியாக இருக்க முடியாது, ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் கிடையாது, அம்மாவிடம் திங்கட்கிழமை வீடியோ அழைப்பில் சொல்லலாம் என்றால் அதே அறையில் கூட்டாளியும் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். அழ வேண்டும் என்றால் குளியலறைதான், குழாயைத் திறந்துவிட்டு. இருபது வயதில் இதைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்து சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்ல வேண்டும்.

எனக்கு இந்த அமைப்பில் பிடிக்காத விஷயம் எண்கள். இந்த வாரம் எத்தனை பேரோடு பேசினாய், எத்தனை பாடம் சொன்னாய், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தேதி வைத்தார்கள், ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். என் அலுவலகத்தில் விற்பனைப் பிரிவு கூட இப்படித்தான் ஓடுகிறது, ஆனால் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சபையின் சொந்த வரலாற்றிலேயே உதாரணம் இருக்கிறது. 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் மிஷனரிகள் பேஸ்பால் குழு சேர்த்தார்கள், விளையாட வந்த சிறுவர்களைக் கையோடு ஞானஸ்நானமும் கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள், பாதிப் பசங்களுக்கு அது ஏதோ கிளப்பில் சேரும் சடங்கு என்று எண்ணம். பின்னால் அந்தப் பெயர்களையெல்லாம் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஜப்பானில் இன்று சபைக் கணக்கில் சுமார் 1,30,000 உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்காருகிறவர்கள் அதில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று, முடிக்காமல் திரும்பிப் போகிறவர்கள். உடம்பு முடியாமலோ மனச்சோர்வாலோ எட்டாவது மாதத்திலோ பத்தாவது மாதத்திலோ திரும்பிப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்கிற ஊரில், பாதியில் வந்தவனை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் பேச்சை மாற்றுவார்களாம். பையன்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் மிஷன் முடித்தவனா என்று பெண் வீட்டில் பார்க்கும் வழக்கம் அங்கே உண்டு. இப்போது வீட்டில் இருந்தபடியே உள்ளூரில் செய்யும் சேவை மிஷன் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் 18 வயதுப் பையன் நிஜமாகவே நம்பிப் போகிறானா, இல்லை தெருவே பார்க்கிறது என்பதற்காகப் போகிறானா என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. அவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

இந்த நாட்டில் இவர்கள் கதை ரொம்பப் பழையது. 1901 ஆகஸ்டில் ஹீபர் கிராண்ட் என்பவர் தலைமையில் நாலு பேர் யோகோஹாமாவில் வந்து இறங்கினார்கள். அதில் கடைக்குட்டி ஆல்மா டெய்லர், 19 வயது. அப்போது இரண்டு வருடம் என்ற கணக்கெல்லாம் கறாராக இல்லை. அந்தப் பையன் எட்டு வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்து, மொழியைக் கற்று, இவர்கள் வேதமான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தான், 1909-ல் அச்சானது. இளமை மொத்தமும் ஒரு மொழிபெயர்ப்பில் போயிற்று. இத்தனைக்கும் பலன்? 1924-ல் மிஷனை மூடும்போது அத்தனை வருடத்திலும் சேர்ந்தவர்கள் இருநூறு பேர் கூட இல்லை. மூட உத்தரவு போட்டவர் அதற்குள் சபையின் தலைவராகியிருந்த அதே ஹீபர் கிராண்ட். 1948-ல் மறுபடி திறந்தார்கள், 1980-ல் டோக்கியோவில் ஆசியாவின் முதல் கோவிலைக் கட்டினார்கள், ஃபுகுவோகாவுக்கு 2000-ல் ஒன்று வந்தது.

நம் பக்கமும் வந்திருக்கிறார்கள் என்பது படிக்கும்போதுதான் தெரிந்தது. 1853-ல் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் யூட்டாவிலிருந்து கப்பலில் மதராஸ் வந்து, பத்திரிகையெல்லாம் அச்சடித்துப் பார்த்து, மிகச் சிலர் மட்டுமே சேர, மறு வருடமே கிளம்பிவிட்டார். இன்டர்காம் இல்லாத காலத்திலும் கதவு திறக்கவில்லை என்று ஐடஹோக்காரியிடம் சொன்னேன், அவளுக்கு அது ஏனோ ரொம்ப ஆறுதலாக இருந்தது.

திரும்பிப் போனவர்களில் பெரிய ஆளானவர்கள் நிறைய. 2012-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி 1966-லிருந்து இரண்டரை வருடம் பிரான்ஸில் இருந்தார், ஒயின் குடிக்கிற நாட்டில் குடிக்காதே என்று சொல்லப் போனவர், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் மிஷனரியாக இருந்து சீன மொழி கற்றவர், பிறகு சீனாவுக்கே அமெரிக்கத் தூதரானார். ஜப்பானியர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கென்ட் கில்பர்ட். 1971-ல் மிஷனரியாக வந்தவர், பின்னால் வக்கீலாகத் திரும்பி வந்து 80-களில் டிவியில் ஜப்பானிய மொழியில் பொளந்துகட்டி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். மிஷனரியாகக் கதவைத் தட்டியபோது திறக்காத வீடுகளுக்குள் டிவி வழியாகப் போய்விட்டார். மற்றபடி யூட்டா பக்கம் பூச்சி மருந்து, சோலார் பேனல் என்று வீடு வீடாக விற்கும் கம்பெனிகள் மிஷன் முடித்த பையன்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுக்கின்றன. வேண்டாம் என்ற சொல் உறைக்காத ஆள் வேறு எங்கே கிடைப்பான்.

அந்த இரண்டு பெண்கள் கதைக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர் வந்தது, ஹொக்கைடோக்காரி குமமோட்டோ பக்கம் போனாள். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் எழுத ஆசைதான், அப்படி எதுவும் நடக்கவில்லை. குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், பாட்டி இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் இனிப்பு கொடுத்தார். புதுக் கூட்டாளி அமெரிக்கக்காரி, அதுவும் அதே ஐடஹோ. இனி நிம்மதி என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் தோட்டத்தில் ஐடஹோக்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி, முதல் முறையாக என்னிடம் ஜப்பானிய மொழியில் பேசினாள். புதியவளுக்கு இன்னும் அந்த மொழி சரியாக வரவில்லை, அதுதான் காரணம். "அவளே பரவாயில்லை. இவ ராத்திரி முழுக்கப் பேசறா."

ஆகவே உங்கள் வீட்டு மணியை இவர்கள் அடித்தால், மதம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பொய்க் காரணமெல்லாம் தேவையில்லை, அவர்களுக்கு அது ஒரு நாளைக்கு நூறு முறை கேட்கிற சங்கதி. வெயில் நாளாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள், டீ வேண்டாம். பேச்சுக் கொடுக்கத் தோன்றினால் அவர்கள் புத்தகத்தில் ஓட்டை கண்டுபிடித்து வாதம் பண்ணாதீர்கள், அதற்கெல்லாம் பதில் மனப்பாடம். கூட்டாளி எப்படி என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ரொம்ப நல்ல மாதிரி" என்பார்கள், வேறு என்ன சொல்ல முடியும், மற்றவர் பக்கத்திலேயே நிற்கிறாரே.